வினையுவமமும் பயனுவமமும்: ஆய்வகக் குடல் உறுப்புருக்களின் தாளச் சுருக்கம் குறித்த ஆய்வுரைகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஆய்வகத்தில் வளர்க்கப்படும் குடல் திசுக்கள் தாமாகவே தாளத்துடன் சுருங்கி விரிவது கடந்த இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பதிவாகி வருகிறது. இந்நிகழ்வை விளக்கும் ஆய்வுரைகள் தாளம், ஒத்திசைவு, அலைப்பரவல், உந்துதல் என்னும் நான்கு வேறுபட்ட நிலைகளை ‘ஒருங்கிணைப்பு’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகின்றன. இதயத்திலிருந்து கடன்பெற்ற ‘முடுக்கி’ என்னும் உருவகமும், ‘குடலலை போன்ற’ என்னும் உவமையும் இம்மயக்கத்திற்குத் துணைபோகின்றன. தொல்காப்பிய உவமையியல் தரும் வினை, பயன் என்னும் வேறுபாட்டைத் துணைக்கொண்டு இவ்வுரைகளின் சொல்லாட்சியை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. சுருங்கும் திசு செலுத்தும் திசுவாக இருந்தே தீரவேண்டியதில்லை என்பதை ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு நிறுவுகிறது.

திறவுச் சொற்கள்: குடல் உறுப்புரு, கஹால் இடைச்செல்கள், ஒத்திசைவு, குடலலை, உவமை, அறிவியல் தமிழ்.

முன்னுரை

குடலின் சுவரில் உள்ள மென்தசை சுருங்கித் தளர்வதால் உணவு கலக்கப்படுகிறது; கீழ்நோக்கி நகர்த்தவும்படுகிறது. இவ்வியக்கம் மூளையின் கட்டளையின்றியும் நிகழும் என்பது உடலியங்கியலில் நூறாண்டுக்கும் மேற்பட்ட பழைய செய்தி. உடலிலிருந்து பிரித்தெடுத்து, தகுந்த உப்புக்கரைசலில் இட்டு, உயிர்வளி ஊட்டப்பட்ட குடல் துண்டு நெடுநேரம் சுருங்கிக்கொண்டிருக்கும். உடலில் ஒருபோதும் இருந்திராத, செல்களிலிருந்து ஆய்வகத் தட்டில் திரண்டெழுந்த திசுவும் அவ்வாறே சுருங்குகிறது என்பதே புதிய செய்தி. ஆர்கனாய்டு என வழங்கும் அத்தகைய திசுத்திரள் இக்கட்டுரையில் ‘உறுப்புரு’ எனக் குறிக்கப்படுகிறது. பெரிஸ்டால்சிஸ் என்பது ‘குடலலை’ எனப்படுகிறது.

நுண்ணோக்கியின் கீழ்ச் சில மில்லிமீட்டர் அளவுள்ள ஓர் உருண்டை ஒரே சீராகச் சுருங்குவதைக் காண்பவர், அதைக் குடல் என்றே அழைக்க விழைவது இயல்பு. அவ்வாறு அழைப்பதற்கு அச்சுருக்கம் எந்த அளவுக்கு உரிமை தருகிறது? அதில் உள்ள ஆயிரக்கணக்கான செல்கள் ஒன்றாகச் சுருங்குவதற்கு எது காரணம்? இவ்விரு வினாக்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை. முதல் வினாவிற்கு ஆய்வுரைகள் தரும் விடை பெரும்பாலும் அவற்றின் தலைப்புகளிலும் அடைமொழிகளிலும் அமைந்துள்ளது. எனவே ஆய்வு முடிவுகளோடு அவற்றை எடுத்துரைக்கும் சொற்களும் திறனாய்வுக்கு உரியனவாகின்றன.

1. இதயத்திலிருந்து வந்த உருவகம்

குடலின் தாளம் எங்கே பிறக்கிறது என்னும் தேடல், ஸ்பெயின் நாட்டு நரம்பியல் அறிஞர் சான்டியாகோ ரமோன் ஈ கஹாலிடமிருந்து தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவர் குடற்சுவரில் தசைக்கும் நரம்புக்கும் இடையே மெல்லிய கிளைகள் கொண்ட செல்களைக் கண்டார். அவற்றை எளிய அமைப்புடைய நரம்புச் செல்கள் எனக் கருதினார். அச்செல்கள் இன்று அவர் பெயராலேயே கஹால் இடைச்செல்கள் என வழங்கினாலும், அவை நரம்புச் செல்கள் அல்ல என்பது பின்னர்த் தெளிவாயிற்று. தசையைப் போலவே அவையும் கருவின் இடைப்படலத்திலிருந்து தோன்றுபவை.

இச்செல்களுக்குத் தாளம் பிறப்பிக்கும் பணியைக் கற்பித்தவர்களுள் ஆர்தர் கீத் முன்னோடியாவார். அவர் 1907-இல் மார்ட்டின் ஃப்ளாக்குடன் இணைந்து இதயத்தின் சைனோ ஏட்ரியல் கணுவைக் கண்டறிந்தவர். அடுத்த பத்தாண்டிற்குள் குடலிலும் அதற்கு இணையான கணுக்கள் இருக்கக்கூடும் என்னும் கருத்தை முன்வைத்தார். குடல் ஆய்வில் இதயத்தின் உருவகம் நுழைந்த வழி இதுவே என்பது கருதத்தக்கது. இதயத்தில் தாளத்தைக் கண்டவர், அதே கண்ணோடு குடலை நோக்கினார்.

கீத்தின் கருத்து நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1982-இல் லார்ஸ் துனெபெர்க் அதை விரிவான அமைப்பியல் சான்றுகளோடு மீட்டெடுத்தார். 1990-களில் ‘கிட்’ என்னும் செல் ஏற்பி இவ்விடைச்செல்களின் வளர்ச்சிக்கு இன்றியமையாதது எனக் கண்டறியப்பட்டது. அந்த ஏற்பியைத் தடுக்கும் எதிர்ப்பொருள் செலுத்தப்பட்ட எலிக்குட்டிகளின் குடலியக்கம் சீர்குலைந்தது. கிட் மரபணுவில் குறைபாடுள்ள எலிகளின் சிறுகுடலில் இடைச்செல் வலை ஒன்று உருவாகாததையும், அங்கே ‘மெதுவலை’ எனப்படும் மின்தாளம் இல்லாததையும் யான் ஹ்யூசிங்காவும் உடன் ஆய்வாளர்களும் 1995-இல் காட்டினர். நரம்புச் செயலை முடக்கும் டெட்ரோடோடாக்சின் என்னும் நஞ்சு மெதுவலையை நிறுத்துவதில்லை என்னும் செய்தியும் இதனோடு பொருந்தியது. இவற்றின் பின் ‘குடலின் முடுக்கி’ என்னும் பெயர் இடைச்செல்களுக்கு நிலைத்துவிட்டது.

சான்றுகள் வலுவானவை, எனினும் பெயர் சான்றுகளைக் காட்டிலும் மிகுதியாகப் பேசுகிறது. இதயத்தின் முடுக்கி ஓரிடத்தில் அமைந்து, ஏனைய பகுதிகளைத் தன் தாளத்திற்கு உட்படுத்துவது. குடலின் இடைச்செல்களோ குழாயின் நெடுகிலும் வலையாகப் பரவியவை. அவ்வலையின் ஒவ்வொரு பகுதிக்கும் தாளம் பிறப்பிக்கும் ஆற்றல் உண்டு. மேலும், மெதுவலை இல்லாத அதே வகைக் குறையுடைய எலிகளின் சிறுகுடலில், நரம்புகளால் எழும் இடம்பெயர் இயக்கத் தொடர்கள் தொடர்ந்து நிகழ்வதை 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு நிறுவியது. தாளம் ஒன்று இல்லாதபோதும் குடலியக்கத்தின் ஒரு வகை எஞ்சுகிறது என்பதே இதன் பொருள். ஒற்றைத் தலைவனைக் குறிக்கும் உருவகத்திற்குள் இச்செய்தி அடங்குவதில்லை.

தமிழில் இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. தமிழ் இயற்பியல் நூல்களில் ‘முடுக்கம்’ என்பது திசைவேகம் மாறும் வீதத்தைக் குறிக்கும் கலைச்சொல். எனவே ‘முடுக்கி’ என்று படிக்கும் மாணவர், தாளத்தை விரைவுபடுத்தும் உறுப்பு என்றே பொருள்கொள்ள நேரும். இச்செல்கள் செய்யும் பணி விரைவுபடுத்துவது அன்று. தாளத்தைத் தோற்றுவிப்பதும் தாங்குவதுமே ஆகும். ‘தாளமூட்டும் செல்கள்’ என்பது போன்ற தொடர் பொருளுக்கு அணுக்கமாக அமையும். ஒற்றைத் தலைமை என்னும் கருத்தையும் திணிக்காது.

2. தலைவன் இல்லாத் தாளம்

தலைவன் இல்லையெனில் ஒழுங்கு எவ்வாறு தோன்றும் என்னும் வினாவிற்கு இயற்பியலில் பழைய விடை ஒன்று உண்டு. 1665-இல் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ், ஒரே தாங்கியில் தொங்கவிடப்பட்ட இரண்டு ஊசல் கடிகாரங்களின் ஊசல்கள் சிறிது நேரத்தில் எதிரெதிராக, ஒரே காலவொழுங்கில் ஆடத் தொடங்குவதைக் கண்டார். ஒன்றைக் கலைத்துவிட்டாலும் அவை மீண்டும் அவ்வொழுங்கிற்குத் திரும்பின. இரண்டில் எதுவும் மற்றதற்குக் கட்டளையிடவில்லை. தாங்கியின் வழியே கடத்தப்பட்ட மிகச் சிறிய அசைவுகளே அவற்றைப் பிணைத்தன. இத்தகைய அமைப்புகள் பிணைந்த அலையியற்றிகள் எனப்படுகின்றன.

குடலும் இத்தகைய அமைப்பே என்பதற்குத் தெளிவான சான்று 1969-இல் டயமன்ட், போர்டாஃப் ஆகியோர் பூனையின் சிறுகுடலில் செய்த ஆய்வில் கிடைத்தது. முழுக்குடலில் மெதுவலையின் அதிர்வெண் மேலிருந்து கீழாகப் படிப்படியாகக் குறைந்தது. ஒவ்வொரு படியிலும் குறிப்பிட்ட நீளத்திற்கு ஒரே அதிர்வெண் நிலவியது. அதே குடலைத் துண்டுகளாக்கியபோது, ஒவ்வொரு துண்டும் தனக்கே உரிய அதிர்வெண்ணை வெளிப்படுத்தியது. படிகள் மறைந்து சீரான சரிவு தோன்றியது. அதாவது, ஒரு படியில் அமைந்த துண்டுகள் இணைந்திருந்த காலத்தில், தம்முள் விரைவான பகுதியின் தாளத்தை ஏனையவை ஏற்றிருந்தன. இப்படிகளைப் பிணைந்த அலையியற்றிகளின் சங்கிலியாகக் கணித்துக் காட்டும் முயற்சிகள் 1970-களின் தொடக்கத்திலேயே வெளிவந்தன. மனிதரிடமும் இச்சரிவு காணப்படுகிறது. முன்சிறுகுடலில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 12 ஆக இருக்கும் மெதுவலை, சிறுகுடலின் இறுதியில் ஏறத்தாழ 8 ஆகக் குறைகிறது. இரைப்பையின் தாளம் வேறு. அங்கே அது நிமிடத்திற்கு 3 அளவினது.

இதிலிருந்து பெறப்படும் செய்தி உறுப்புரு ஆய்வுக்கு நேரடியாகப் பயன்படுவது. ஒரு திசு ஒரே தாளத்தில் சுருங்குவதைக் காணும்போது, ‘எந்தச் செல் தலைமை ஏற்றுள்ளது?’ என்று வினவுவதைவிட, ‘இச்செல்கள் எதன் வழியாகப் பிணைந்துள்ளன? பிணைப்பு அறுந்தால் ஒவ்வொன்றின் சொந்தத் தாளம் யாது?’ என்று வினவுவதே பொருத்தமானது. பிணைப்பிற்கு இரு வழிகள் முதன்மையாகக் கருதத்தக்கவை. ஒன்று, அண்டைச் செல்களுக்கிடையே அயனிகளைக் கடத்தும் இடைவெளி இணைப்புகள். மற்றொன்று, ஒரு செல் சுருங்கும்போது அடுத்த செல்லின் மீது ஏற்படும் இழுவிசை. முதல் வழி மின்சாரம் சார்ந்தது. இரண்டாவது, ஹைகன்ஸின் தாங்கியைப் போன்றது.

3. தலைப்புகளின் உரிமைகோரல்

உறுப்புரு ஆய்வின் வளர்ச்சியை அதன் பெயரிடல்களின் வழியே காணலாம். 2002-இல் ஜப்பானின் நாரா ஆய்வாளர்கள் எலியின் கருக் குருத்தணுக்களிலிருந்து தாமே சுருங்கும் திசுக்குமிழ்களை உருவாக்கினர். அவர்தம் கட்டுரையின் தலைப்பு அதனைச் ‘செயற்படும் குடல் போன்ற உறுப்பு’ என்னும் பொருள்படக் குறித்தது. 2009-இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் ஒற்றைக் குருத்தணுவிலிருந்து குடலின் உட்படலத்தை வளர்த்தனர். அது உறுப்புரு ஆய்வில் திருப்புமுனையாக அமைந்தது. எனினும் அதில் தசை இல்லை, எனவே சுருக்கமும் இல்லை. 2011-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஜேம்ஸ் வெல்ஸ் குழுவினர் மனிதப் பல்திறன் குருத்தணுக்களிலிருந்து உட்படலமும் அதைச் சூழ்ந்த இணைப்புத்திசுவும் கொண்ட குடல் உறுப்புருவை உருவாக்கினர். அதில் நரம்புகள் இல்லை.

2017-ஆம் ஆண்டில் இரு முக்கியமான ஆய்வுகள் வெளிவந்தன. சின்சினாட்டிக் குழுவினர் நரம்பு முகட்டுச் செல்களைத் தனியே உருவாக்கி உறுப்புருவோடு சேர்த்து, எலியின் உடலில் பதியமிட்டு வளர்த்தனர். அத்திசுவில் நரம்புச் செல்களும் இடைச்செல்களும் அமைந்தன. பரவும் சுருக்கங்கள் பதிவாயின. டோக்கியோவிலிருந்து வெளிவந்த மற்றோர் ஆய்வு, ஆய்வகத் தட்டிலேயே வளர்ந்த மனிதக் குடல் உறுப்புருவில் ‘குடலலை போன்ற’ சுருக்கம் நிகழ்வதாகவும், ஹிஸ்டமின் முதலிய பொருள்களுக்கு அது மறுவினை காட்டுவதாகவும் அறிவித்தது.

2024-இல் கியோட்டோவில் யோஷிகோ தகாஹாஷியின் குழு வெளியிட்ட ஆய்வு இவ்வரிசையில் தனித்து நிற்கிறது. கோழிக் கருவின் பின்குடல் தசைப்படலத்தைச் செல்களாகப் பிரித்து வளர்த்தபோது, அவை சில நாட்களில் தாமே திரண்டு, இடைச்செல்கள் உள்ளேயும் மென்தசைச் செல்கள் வெளியேயும் அமைந்த உருண்டைகளாயின. நரம்புச் செல்கள் மிகக் குறைவாகவே இருந்தும், உட்படலம் இன்றியே அவ்வுருண்டைகள் காலமுறைப்படி சுருங்கின. இருவகைச் செல்களிலும் கால்சியத்தின் ஏற்ற இறக்கம் ஒத்திசைந்து நிகழ்வதை ஒளிர்வின் வழியே காண முடிந்தது. வெவ்வேறு தாளமுடைய உருண்டைகள் ஒன்றோடொன்று இணைந்தபோது அவற்றின் தாளமும் ஒன்றாயிற்று. ஆய்வாளர்கள் இதற்கு இட்ட பெயர் ‘குடல் சுருக்க உறுப்புரு’ என்னும் பொருளுடையது. குடல் என்றோ சிறு குடல் என்றோ அவர்கள் அதை அழைக்கவில்லை. அது செய்யும் ஒரே செயலால் அதைப் பெயரிட்டனர்.

பெயரின் இவ்வடக்கம் ஆய்வின் வலிமையோடு தொடர்புடையது. உறுப்புகள் குறைந்த அமைப்பில்தான் எது போதும் என்னும் வினாவை எழுப்ப இயலும். இரண்டே வகைச் செல்கள் ஒத்திசைவிற்குப் போதுமானவை என்றால், நரம்புகள் அதற்கு இன்றியமையாதவை அல்ல என்பது உறுதியாகிறது. பல வகைச் செல்கள் கொண்ட திசுவில் இம்முடிவைப் பெறுவது கடினம். முழுமையை நோக்கிய ஆய்வுகள் தம் உருவைக் குடலுக்கு நெருக்கமாக்கும்போது, இத்தெளிவை இழக்கின்றன. இரு நெறிகளுக்கும் தத்தம் பயன் உண்டு. முதல் நெறியின் முடிவை இரண்டாவதன் பெயரால் எடுத்துரைக்கும்போதுதான் மயக்கம் பிறக்கிறது.

4. ‘போன்ற’ என்னும் உவம உருபு

‘குடலலை போன்ற’ என்னும் தொடர் அறிவியல் நடையில் எச்சரிக்கையின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. ஆய்வாளர் தம் கூற்றை அளவோடு நிறுத்துவதாக அது தோன்றும். ஆனால் உவமை கூறுவோர் எவ்வகையில் ஒப்புமை என்பதையும் விளக்கக் கடமைப்பட்டவர். தொல்காப்பியத்தின் உவமையியல் ஒப்புமைக்கு நான்கு நிலைக்களன்களைக் காட்டுகிறது: வினை, பயன், மெய், உரு. செயலால் ஒத்தல், விளைவால் ஒத்தல், வடிவால் ஒத்தல், நிறத்தால் ஒத்தல் என இவை உரையாளர்களால் விளக்கப்பெறும். செய்யுளுக்கென வகுக்கப்பட்ட இப்பாகுபாட்டை ஆய்வுரையின் உவமைக்கும் பொருத்திக் காண்பதற்குத் தடையில்லை.

உறுப்புருவின் சுருக்கம் வினையால் குடலை ஒத்தது. தசை சுருங்குகிறது, தளர்கிறது, ஓர் ஒழுங்கில் மீள்கிறது. மெய்யால் அது குடலை ஒத்ததன்று. குடல் இருபுறமும் திறந்த குழாய்; உறுப்புருவோ பெரும்பாலும் மூடிய உருண்டை. பயனை நோக்கின், குடலலையின் பயன் உள்ளிருக்கும் பொருளை ஒரு திசையில் செலுத்துதல். மூடிய உருண்டைக்கு வாய்ப்புறம் என்றும் குதப்புறம் என்றும் இரு முனைகள் இல்லை. எனவே அதில் திசை என்னும் கருத்திற்கே இடமில்லை. வினையுவமம் ஒன்று பயனுவமமாகப் படிக்கப்படுவதே இவ்வாய்வுரைகளில் மீண்டும் மீண்டும் நிகழும் பிழை. ‘போன்ற’ என்னும் உருபு இப்பிழையைத் தடுப்பதற்கு மாறாக, எவ்வகை ஒப்புமை என்பதைச் சொல்லாமல் விடுவதற்கு வழிசெய்கிறது.

குடலலை வெறும் சுருக்கத்தினும் வேறானது என்பது 1899-லேயே நிறுவப்பட்டது. வில்லியம் பேலிஸும் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் நாயின் சிறுகுடலில், ஓரிடத்தில் தூண்டல் நிகழ்ந்தால் அதற்கு மேற்பகுதி சுருங்குவதையும் கீழ்ப்பகுதி தளர்வதையும் கண்டனர். வெளிநரம்புகள் துண்டிக்கப்பட்ட பின்னும் இது நிகழ்ந்ததால், குடற்சுவரில் உள்ள நரம்புகளே இதற்குக் காரணம் எனக் கருதினர். இவ்விதியில் சுருக்கத்திற்கு இணையான இடம் தளர்ச்சிக்கும் உண்டு. கீழே தளர்ச்சி இல்லாவிடில் மேலே நிகழும் சுருக்கம் பொருளை நகர்த்துவதில்லை, அழுத்தத்தையே கூட்டுகிறது.

கரு வளர்ச்சியும் இவ்வேறுபாட்டைக் காட்டுகிறது. கோழிக் கருவின் குடலில், நரம்புகள் செயற்படத் தொடங்குவதற்கு முன்பே தசையின் சுருக்க அலைகள் தோன்றுகின்றன என்பதைப் பாரிஸைச் சேர்ந்த நிக்கோலா ஷெவாலியே 2017 முதல் வெளியிட்ட ஆய்வுகள் விளக்குகின்றன. அத்தொடக்க அலைகள் பிறந்த இடத்திலிருந்து இருபுறமும் பரவுகின்றன. திசையுணர்வுள்ள மறுவினை, நரம்பு மண்டலம் இயங்கத் தொடங்கிய பின்னரே அமைகிறது. இவ்வகையில் பார்த்தால், நரம்பற்ற உறுப்புரு முதிர்ந்த குடலின் சிறுவடிவம் அன்று. கருக்குடலின் ஒரு பருவத்தை நினைவூட்டுவது. இவ்வாறு கூறுவது உறுப்புருவின் மதிப்பைக் குறைப்பதாகாது. குடலின் ஒழுங்குகள் எந்த வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைகின்றன என்பதை ஆராய அது ஏற்ற களம் என்பதை இது சுட்டுகிறது.

5. ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் தரும் படிப்பினை

இச்சொல்லாராய்ச்சி வெறும் சொற்பூசல் அன்று என்பதற்கு ஒரு நோயின் வரலாறு சான்றாகிறது. 1886-இல் டென்மார்க்கின் குழந்தை மருத்துவர் ஹரால்டு ஹிர்ஷ்ஸ்ப்ரங், பெருங்குடல் மிகப் பருத்து இறந்த இரு குழந்தைகளைப் பற்றிப் பெர்லினில் விவரித்தார். ஏறத்தாழ 5,000 பிறப்புகளில் ஒன்றில் காணப்படும் இந்நோய் அவர் பெயரால் வழங்குகிறது. பருத்த பகுதியே நோயுற்ற பகுதி என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அறுவை மருத்துவர்கள் அதையே அகற்றினர். குழந்தைகள் மீண்டும் நோயுற்றனர். பருத்த பகுதிக்குக் கீழே, இயல்பாகத் தோன்றிய குறுகிய பகுதியில்தான் நரம்பணுத்திரள்கள் இல்லை என்பதும், அங்கேதான் தடை உள்ளது என்பதும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உறுதிப்பட்டன. 1948-இல் ஓர்வர் ஸ்வென்சன் அக்குறுகிய பகுதியை அகற்றும் அறுவை முறையை வெளியிட்ட பின்னரே நோய்க்கு நிலையான தீர்வு கிடைத்தது. கருவில் நரம்பு முகட்டுச் செல்கள் குடலின் இறுதிவரை சென்றடையாமையே இக்குறைபாட்டின் காரணம்.

அக்குறுகிய பகுதியில் தசை உண்டு. சுருங்கும் ஆற்றலும் உண்டு. இல்லாதது, தளர்ச்சியை ஏவும் நரம்புகளே. இதன் விளைவாகச் சுருக்கம் மிகுந்து, குழாய் அடைபடுகிறது. நரம்பற்ற, ஆனால் சுருங்கும் குடல் எப்படி இருக்கும் என்பதை இயற்கை ஏற்கெனவே காட்டிவிட்டது. அது செலுத்தும் குடல் அன்று, தடுக்கும் குடல்.

உறுப்புரு ஆய்வுகளின் முன்னுரைகளிலும் முடிவுரைகளிலும் இந்நோயுற்ற குழந்தைகள் அடிக்கடி இடம்பெறுகின்றனர். குடலின் பெரும்பகுதியை இழந்தோருக்கும் பிறவிக் குறையுற்றோருக்கும் பதியமிடத் தக்க திசுவை உருவாக்குதல் இவ்வாய்வின் நெடுநோக்குகளுள் ஒன்று. அந்நோக்கம் மெய்யானது, போற்றத்தக்கது. ஆயின், ‘சுருங்குகிறது’ என்பதையே வெற்றியின் அளவுகோலாகக் கொள்ளும் உரை, அக்குழந்தைகளின் நோயையே வெற்றியாகக் கணக்கிடும் இடருக்கு ஆளாகிறது. 2017-இல் சின்சினாட்டிக் குழுவினர் நரம்பு முகட்டுச் செல்களைச் சேர்த்ததும், நரம்பு வளர்ச்சிக்குரிய ஃபாக்ஸ்2பி மரபணுவின் மாற்றங்களை ஆராய்ந்ததும் இத்தேவையை உணர்ந்த செயல்கள். அவ்வாய்வும் பரவும் சுருக்கத்தைக் காட்டியதேயன்றி, மனித உடலின் ஒரு குழாய் தன் உள்ளடக்கத்தைச் செலுத்துவதைக் காட்டவில்லை. அவ்வேறுபாட்டை அவ்வாய்வை எடுத்தாளும் பிற உரைகள் பேணுதல் வேண்டும்.

பருத்த பகுதியைக் கண்டு ஏமாந்த பழைய மருத்துவரைப் போல, அசையும் உருண்டையைக் கண்டு இன்றைய ஆய்வுரையும் ஏமாற இடமுண்டு. இரண்டிலும் கண்ணுக்குப் புலனாவதே விளக்கமாக ஏற்கப்படுகிறது.

6. நான்கு படிகள்

மேற்கண்டவற்றிலிருந்து, உறுப்புருவின் சுருக்கத்தை மதிப்பிட நான்கு படிகளை வரையறுக்கலாம். முதற்படி தாளம்: ஒரு செல்லோ செல்திரளோ காலமுறைப்படி சுருங்குதல். இதற்குத் தேவையான சான்று, சீரான இடைவெளி. இரண்டாம் படி ஒத்திசைவு: தனித்தனியே வெவ்வேறு தாளமுடைய பகுதிகள் இணையும்போது ஒரே தாளத்தை அடைதல். இதைக் காட்ட, பகுதிகளைப் பிரித்தும் சேர்த்தும் அளத்தல் வேண்டும். பூனைக் குடலில் 1969-இல் செய்யப்பட்டது இதுவே. மூன்றாம் படி அலைப்பரவல்: சுருக்கம் ஓரிடத்தில் பிறந்து அளவிடத்தக்க கால இடைவெளியோடு மற்றோர் இடத்தை அடைதல். எல்லாப் பகுதிகளும் ஒரே கணத்தில் சுருங்கினால் அது ஒத்திசைவு, அலை அன்று. நான்காம் படி உந்துதல்: நிலையான திசையில், தடையை எதிர்த்து, உள்ளடக்கத்தை நகர்த்துதல். இதற்குக் குழாய் வடிவும், இரு முனைகளும், சுருக்கத்திற்கு முன்னே தளர்ச்சியும் தேவை.

ஒரு படியின் சான்று அடுத்த படிக்குச் சான்றாவதில்லை. இரண்டாம், மூன்றாம் படிகள் ஒன்றுக்கொன்று எதிராகவும் அமையக்கூடும். மிக வலுவாகப் பிணைந்த செல்கள் அனைத்தும் ஒருங்கே சுருங்கிவிட்டால், அலை தோன்றுவதற்கு வேண்டிய கால வேறுபாடே இல்லாமற்போகும். இதயக் கீழறைக்கு ஏறத்தாழ ஒருங்கே நிகழும் சுருக்கம் ஏற்றது. குடலுக்கு அது பயனற்றது. எனவே ஒத்திசைவு மிகுதல் என்பது எப்போதும் குடலை நோக்கிய முன்னேற்றம் என்று கொள்வதற்கில்லை. இதயத்தின் உருவகம் மறைத்துவிடும் உண்மைகளுள் இது தலையாயது.

இப்படிகளின்படி நோக்கின், கியோட்டோ ஆய்வு முதலிரு படிகளில் உறுதியாக நிற்கிறது. அதற்கு மேல் உரிமை கோரவுமில்லை. 2017-ஆம் ஆண்டின் இரு ஆய்வுகளுள் சின்சினாட்டியின் ஆய்வு மூன்றாம் படியைத் தொடுகிறது. டோக்கியோ ஆய்வின் ‘குடலலை போன்ற’ என்னும் அடைமொழி நான்காம் படியின் பெயரை எடுத்துக்கொண்டு, வினையின் ஒப்புமையை மட்டுமே காட்டுகிறது. ஆய்வின் தரத்தைப் பற்றிய கூற்றாக இதைக் கொள்ளுதல் பொருந்தாது. மருந்துகளுக்கு மறுவினை காட்டும் மனிதத் திசு, மருந்தாய்வுக்கு மிகவும் வேண்டப்படுவது. அப்பயனை அதன் உரிய பெயராலேயே கூறியிருக்கலாம்.

நிறைவுரை

ஆய்வகக் குடல் உறுப்புருக்கள், குடலின் தாளத்திற்கு நரம்போ தலைமைக் கணுவோ இன்றியமையாததன்று என்பதையும், அண்மையில் அமைந்த செல்களின் பிணைப்பிலிருந்தே ஒழுங்கு தோன்றக்கூடும் என்பதையும் தெளிவாக்கியுள்ளன. இது உடலியங்கியலுக்குக் கிடைத்த மெய்யான பேறு. அப்பேற்றை ‘முடுக்கி’ என்னும் உருவகமும் ‘குடலலை போன்ற’ என்னும் உவமையும் ஒருங்கே மங்கச்செய்கின்றன. முன்னது பிணைப்பைத் தலைமையாகவும், பின்னது வினையைப் பயனாகவும் காட்டுகின்றன.

தமிழில் இத்துறை குறித்து எழுதுவோருக்கு இதனால் கிடைக்கும் வாய்ப்பு ஒன்று உண்டு. கலைச்சொற்கள் இன்னும் இறுகிப்போகாத நிலையில், தாளம், ஒத்திசைவு, அலைப்பரவல், உந்துதல் என்னும் நான்கையும் தனித்தனிச் சொற்களாகத் தொடக்கத்திலிருந்தே வழங்குதல் இயலும். அவ்வாறு வழங்கினால், ஓர் உறுப்புரு எதைச் செய்கிறது என்பதோடு, எதை இன்னும் செய்யவில்லை என்பதையும் தமிழ்வழிப் படிக்கும் மாணவர் உடனே அறிவர். அடுத்து வரவேண்டிய ஆய்வுகள், இருமுனை திறந்த குழாய் வடிவில் வளர்க்கப்பட்டு, நரம்பும் இடைச்செல்லும் தசையும் அமைந்த திசுவொன்று, தடையை எதிர்த்து ஒரு திசையில் பொருளைச் செலுத்துகிறதா என்பதை அளப்பனவாக இருத்தல் வேண்டும். அவ்வளவீடு கிடைக்கும்வரை, சுருங்கும் உறுப்புருவைச் சுருங்கும் உறுப்புரு என்றே அழைப்பது தகும்.